சங்கு ஊதினால் வெளியே வர வேண்டும்

பாலக்காட்டிலிருந்து மறையூருக்குப் போவதென்றால் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, மறுபடி கேரளத்துக்குள் ஏற வேண்டும். ஒரே மாநிலத்தின் இரண்டு ஊர்களுக்கு நடுவில் இன்னொரு மாநிலம் படுத்துக் கிடக்கிறது. சோதனைச் சாவடிகளை எண்ணிக்கொண்டே போனேன்: ஐந்து. துப்பாக்கி பிடித்தவர்கள் பதினொரு பேர். நான் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் இதே வழியில் பல தடவை போயிருக்கிறேன். அப்போதும் துப்பாக்கி உண்டு, ஒன்று. அது பெரும்பாலும் சுவரில் சாய்ந்திருக்கும். அதன் சொந்தக்காரர் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

எண்ணுவது எனக்குப் பழக்கம் என்று நான் சொல்வேன், வியாதி என்று என் மனைவி சொல்வாள். கிளம்பும்போது கல்பாத்தி வீட்டு வாசலில் நின்றுகொண்டு, “இந்த வயசுல மலையேறிப் போய் இன்னும் என்னத்தை எண்ணப் போறேள்? பிரஷர் மாத்திரை எடுத்துண்டேளா, அதை முதல்ல எண்ணுங்கோ” என்றாள். எண்ணினேன். ஒன்று குறைந்தது. அதற்கும் பேச்சு வாங்கினேன்.

போன காரியம் இதுதான். சென்ற மழைக்காலத்தில் சின்னக்கானலுக்கு மேலே உள்ள ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குப் போலீஸின் சிறப்புப் படை ஒன்று வந்தது. காட்டில் ஆயுதத்தோடு சிலர் நடமாடுவதாகத் தகவல். அன்று ஞாயிற்றுக்கிழமை. தேடுதல் நடக்கும்போது தொழிலாளர்கள் பெரிய கூட்டமாகத் திரண்டு வந்தார்கள் என்றும், எச்சரித்தும் கலையவில்லை என்றும் சொல்லிக் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசினார்கள். வானத்தைப் பார்த்துச் சுட வேண்டிய குண்டு ஒன்று நேராக வந்து புஷ்பம் என்கிற கொழுந்து பறிக்கும் பெண்ணின் நெஞ்சில் பட்டது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். அதன் பிறகு போட்ட வழக்கில் இருபத்துமூன்று பேர். முதல் பெயர் புஷ்பத்தினுடையது.

இறந்தவர் மேல் வழக்கு நடக்காது. ஆனால் சட்டவிரோதமாகக் கூடியவர், எச்சரிக்கையை மீறியவர் என்று ரிக்கார்டில் பெயர் நிற்கும். அந்தப் பெயரை எடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய கணவர் ஆரோக்கியம் கேட்பது. இதை விசாரித்து அறிக்கை எழுத மூன்று பேர் கொண்ட ஒரு மக்கள் குழு அமைந்தது. அறிக்கையைக் குடும்பத்தின் வக்கீல் கோர்ட்டில் கொடுப்பார். தமிழும் மலையாளமும் தெரிந்த, கட்சி எதிலும் இல்லாத ஒரு கிழவர் தேவைப்பட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

உடுமலையில் மாறிய பஸ்ஸில் ஐம்பத்திரண்டு இருக்கை, எழுபத்தொன்பது பேர். என் பக்கத்தில் ஒரு பூண்டு வியாபாரி. அவர் கைப்பேசியில் இந்த விவகாரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ இருவர் மாறி மாறிக் கத்தினார்கள்.

“ஏனுங்க சாமி, நீங்களே சொல்லுங்க” என்று என் பக்கம் திரும்பினார். “காட்டுக்குள்ள ஒருத்தன் துப்பாக்கி வெச்சிக்கிட்டு நிக்கறானுங்க. அவங்கிட்டப் போயி லத்தியக் காட்டுனா அவன் சிரிக்க மாட்டானுங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பினார். மறையூரில் பள்ளிக்கூட ஆசிரியை என்று பிறகு தெரிந்தது. “காட்டுல நின்னவனச் சுட்டிருந்தா நான் ஏங்க கேக்கப்போறேன்? செத்தது கொழுந்து பறிக்கிற பொம்பள.”

“அது தப்புத்தானுங்க. தப்பு இல்லீன்னு நாஞ் சொல்லலீங்களே.”

“யாரு பண்ணுன தப்பு? பேரச் சொல்லுங்க பாப்பம்.”

“அதான் எல்லாரும் மூஞ்சிய மூடியிருந்தாங்களாமுங்க.”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

கண்டக்டர் நடுவில் புகுந்து, “ரெண்டு பேரும் மொதல்ல டிக்கெட் எடுங்க, அப்புறமா நாட்டத் திருத்தலாம்” என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. அடுத்த சாவடியில் பச்சையும் கறுப்பும் கலந்த சீருடையில் ஒருவர் ஏறி, இருக்கைகளுக்கு நடுவே மெல்ல நடந்து, பைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினார். அதுவரை பேசியவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்கள். நான் அவர் சட்டையைப் பார்த்தேன். எங்கள் காலத்தில் போலீஸ்காரர் என்றால் தோளில் ஒரு நம்பர் இருக்கும். சண்டை வந்தால் ஜனங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், நம்பரைத்தான் பார்ப்பார்கள். இவர் மேலே போட்டிருந்த தடித்த உடுப்பில் எல்லாவற்றுக்கும் பை இருந்தது. நம்பர் இல்லை.

மலையில் ஏறும்போது ரேடியேட்டர் கொதித்து பஸ் நின்றது. மறையூர் போய்ச் சேர்ந்தபோது மூணாறுக்குப் போகும் கடைசி வண்டி போய்விட்டது. ஒரு விடுதியில் தங்கினேன். கீழே இருந்த கடையில் உருண்டை வெல்லம் வாங்கினேன். கையால் பிடித்த உருண்டை, விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. சாப்பிட இட்லி கிடைத்தது. பாலக்காட்டில் மூன்று தின்றால் அடங்கும் பசி இங்கே ஐந்துக்கும் அடங்கவில்லை. இட்லியின் அளவு அப்படி. கடைக்காரர் டிவியைச் சத்தமில்லாமல் ஓட விட்டிருந்தார். திரையில் நான்கு தலைகள், நான்கும் வாயைத் திறந்திருந்தன.

“சத்தம் வைக்கலையா?” என்று கேட்டேன்.

“வேண்டாங்க. சத்தம் வச்சா சாப்பிட வர்றவங்க ரெண்டு கட்சியாயிர்றாங்க. பொறவு ஒரு கட்சிக்காரங்க பில்லு குடுக்காமப் போயிர்றாங்க.”

மறுநாள் மூணாறில் குழுவின் மற்ற இருவரும் ஜீப்போடு காத்திருந்தார்கள். தலைவி ஷீலா, தொடுபுழையில் வக்கீல். இன்னொருவர் குரியன், ஓய்வு பெற்ற போலீஸ் சூப்பரின்டெண்ட். போலீஸ்காரருக்கு இந்தக் குழுவில் என்ன வேலை என்று நினைத்தேன். வழியில் சாப்பிட நிறுத்தியபோது அவர் கப்பைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் வரவழைத்துக்கொண்டு, தயிர்சாதத்தில் இருந்த வேர்க்கடலைகளை நான் எண்ணுவதைப் பார்த்து மலையாளத்தில் சொன்னார்: “சுவாமி, வேலையைப் பங்கு போட்டுக்கொள்வோம். நீங்கள் எண்ணுங்கள், நான் தின்கிறேன்.”

சிரித்துவிட்டேன். பிறகு அவரே தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். “நான் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தபோது லத்தியோடு காட்டுக்குள் போயிருக்கிறேன். ஆறு பேர் போனோம், இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அவர்கள் வீட்டுக்கு நான்தான் போய்ச் சொன்னேன். போலீஸுக்குத் துப்பாக்கி எதற்கு என்று டிவியில் கேட்கிறவர்கள் அந்த வீட்டு வாசலில் நின்றதில்லை.”

“துப்பாக்கி இருக்கட்டும். சட்டையில் நம்பர் ஏன் இல்லை?” என்று கேட்டேன்.

தட்டை ஓரமாகத் தள்ளினார். “எங்கள் காலத்தில் நம்பர் இல்லாமல் வெளியே வந்தால் தண்டனை” என்று மட்டும் சொன்னார்.

எஸ்டேட்டுக்குப் போகும் வழியில் ஒரு வளைவில் டிரைவர் சேகர் ஜீப்பை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். தேயிலைக்கு நடுவே ஒற்றைக் கொம்பன் யானை நின்றுகொண்டிருந்தது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேகரின் கைப்பேசி விடாமல் துடித்தது.

“எஸ்டேட்டு குரூப்புங்கய்யா. ஆனை எங்க நிக்கிதுன்னு போட்டுட்டே இருப்பாங்க. பாத்துட்டு யாரும் வெளிய வர மாட்டாங்க.”

“ஆலைச் சங்கு இருக்கிறதே, அதை ஊத மாட்டீர்களா?”

“ஆனைக்குச் சங்கா?” அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஊதுனா அதுக்குக் கோவம் வரும், நமக்கு ஆளுங்க வெளிய வரும். ரெண்டும் சேந்தா என்னாகும்?”

அதை நான் அப்போது வேடிக்கையாகத்தான் கேட்டேன்.

விசாரணை மாதா கோயிலின் கூடத்தில். நாற்காலி நாற்பது போட்டிருந்தார்கள், வந்தவர்கள் நூற்றைத் தாண்டியதால் பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். அழைப்பு அனுப்பியும் போலீஸ் தரப்பில் யாரும் வரவில்லை. ஒரு பக்க விளக்கம் மட்டும் வந்திருந்தது. ஷீலா அதைப் படித்தார், நான் தமிழில் சொன்னேன்: ஆலைச் சங்கை நீண்ட நேரம் ஒலிக்கச் செய்து, மக்கள் வீட்டுக்குள் இருக்க எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. அதை மீறிப் பெரும் கூட்டம் ஆலையை நோக்கி ஓடி வந்தது. பலர் கையில் பை இருந்தது. பையில் கல் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது.

கூடத்தில் யாரும் கத்தவில்லை. “கல்லா?” என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. கோபமில்லை அதில்.

ஆரோக்கியம் எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டை. ஆலையில் சங்கு ஊதுகிற வேலை அவருடையது. அது எனக்கு அதுவரை தெரியாது. ஷீலா முகத்தைப் பார்த்தேன், அவருக்குத் தெரிந்திருந்தது.

“அன்னிக்கி ஆறு பேரு ஆலைக்கு வந்தாங்கய்யா. கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. ஒருத்தர் சொன்னாரு, சங்க ஊது, நிறுத்தாம ஊது, எல்லாரும் உள்ளயே இருக்கட்டும்னு. நாஞ் சொன்னேன், சார், ஊதுனா வந்திருவாங்க சார்னு. அவரு மலையாளத்துல ஊதுடான்னாரு. ஊதுனேன்.”

“சொன்னவரை அடையாளம் காட்ட முடியுமா?” என்று குரியன் கேட்டார்.

“கண்ணு தெரியுங்கய்யா. கண்ண வச்சு எப்படிச் சொல்ல?”

“தோளில், நெஞ்சில், ஏதாவது எழுத்து, எண்?”

“இல்லங்கய்யா. பாத்தேன். ஒண்ணுமில்ல.”

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். இந்தச் சங்கில் எத்தனை விதம்? அவர் விரல் விட்டுச் சொன்னார். காலையில் பெரட்டுக்கு ஒன்று. வரிசையில் நின்று பெயர் கொடுத்து வேலைக்குப் போவதை எஸ்டேட்டில் பெரட்டு என்கிறார்கள். மத்தியானம் ஒன்று, வேலை விட ஒன்று. நான்காவது, நிறுத்தாமல் ஊதுவது. அது தீப்பிடித்தால், அல்லது மழையில் மண் சரிந்தால். அதைக் கேட்டால் லயத்தை விட்டு உடனே வெளியேறிப் பெரட்டுக் களத்துக்கு ஓடி வந்துவிட வேண்டும். லயம் என்பது சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள், மலைச்சரிவில் இருப்பவை. அதற்காகவே ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், ஞானஸ்நானச் சீட்டு. ஓடும்போது அதை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

“வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்வதற்கு எந்தச் சங்கு?”

அவர் என்னைப் பார்த்தார். கேள்வி புரியவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டேன்.

“அப்பிடி ஒண்ணு இல்லங்கய்யா” என்றார். “எங்க தாத்தா காலத்துல இருந்தே இல்ல. எங்கள எதுக்குங்க உள்ள இருக்கச் சொல்லப்போறாங்க?”

கூடத்தில் சில பெண்கள் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. அன்று மழை தூறிக்கொண்டிருந்ததாம். சங்கு நிற்காமல் ஊதியதும் எல்லா வீட்டிலும் பையை எடுத்துக்கொண்டு, குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். எதிரே மூடிய முகங்கள். புஷ்பம் முன்னால் வந்திருக்கிறார். சங்கு ஊதும் வீட்டுக்காரி என்பதால் களத்தில் எப்போதும் முதல் ஆளாக வந்து நிற்பது வழக்கமாம். “எங்கூட்டு ஆளு ஊதி நானே லேட்டா வந்தா நல்லாருக்காதுன்னு சொல்லுவா” என்றார் ஆரோக்கியம். சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

அந்த நாளுக்குப் பிறகு எஸ்டேட்டில் சங்கு ஊதவில்லை. பெரட்டுக்கு ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு அடிக்கிறார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கென்று தனியாகப் புதுப் பாத்திரம் வாங்கி ரசமும் பீன்ஸும் செய்திருந்தார்கள். யார் வாங்கியது என்று கேட்டேன், சொல்லவில்லை. ஆரோக்கியம் தன் வீட்டில் பாலில்லாத டீ கொடுத்தார். கதவுக்குப் பின்னால் ஆணி இருந்தது, பை இல்லை. அது இன்னும் போலீஸிடம் இருக்கிறது.

இனிமேல் நான் சொல்லப்போவது எனக்குச் சங்கடமானது. சொல்லாமல் விட்டால் கட்டுரை முடியாது.

சாட்சிகள் சொன்னதைக் குரியன் நம்பினார். ஆனால் நம்பிக்கை வேறு, ருசு வேறு என்றார். “சங்கு கேட்டால் உள்ளே இரு என்று இவர்களுக்கு முன்பே சொல்லியிருந்தது என்று எதிர்த்தரப்பு வாதிடும். இல்லை என்று எப்படிக் காட்டுவீர்கள்?” அப்போது என் வாயில்தான் அது வந்தது. மறுநாள் வேலை விட்டபின், எல்லாரும் வீட்டில் இருக்கும்போது, சங்கை அதே மாதிரி ஊதிப் பார்ப்போம். ஆலைத் தாழ்வாரத்தில் நின்றால் லயத்தின் கதவுகள் எல்லாம் தெரியும். எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்று நான் எண்ணுகிறேன். கையால் எண்ணிய எண்ணை யார் மறுக்க முடியும்?

மானேஜர் தயங்கி ஒப்புக்கொண்டார். ஷீலா, “முதலில் எல்லாருக்கும் சொல்லிவிடலாமே, ஸார்” என்றார்.

ஆரோக்கியமும் அதையேதான் சொன்னார். “சொல்லிட்டு ஊதுவங்கய்யா. சின்னப் பிள்ளைங்க இருக்கு.”

“சொன்னால் அது சோதனை ஆகாது” என்றேன். நாற்பது வருஷம் கணக்கெடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா என்ற தொனி அதில் இருந்திருக்க வேண்டும். அவர் இன்னொரு தடவை சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஆலைக்குள் போனார்.

மறுநாள் மாலை. மழை இல்லை. தாழ்வாரத்தில் நாங்கள் மூவரும் நின்றோம். எதிரே சரிவில், ஆரோக்கியத்தின் பூட்டிய வீட்டை விட்டால், நாற்பத்தெட்டு கதவுகள். எல்லாம் திறந்திருந்தன. ஒருத்தி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சிலர் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். களத்தில் இளைஞர்கள் வாலிபால் ஆடினார்கள், பந்து தாழ்வாரத்தின் அருகில் வந்தபோது குரியன் அதை எடுத்து வீசினார்.

நான் உள்ளே பார்த்துக் கையைக் காட்டினேன்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் ஒரு முனகல், பிறகு மலை முழுவதும் அது மட்டும்தான். தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பைப் போட்டுவிட்டு மகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவு மூடியது. துணி எடுத்தவர்கள் துணியைத் தரையில் விட்டார்கள். கதவு, கதவு, கதவு. வாலிபால் ஆடியவர்கள் சிதறி ஓடினார்கள். ஒருவன் விழுந்து எழுந்து ஓடினான். குழந்தைகள் அலறுவது சங்கையும் மீறிக் கேட்டது. பந்து மட்டும் களத்தில் மெல்ல உருண்டு ஓரத்தில் போய் நின்றது.

நான் எண்ணினேன். வேறு என்ன தெரியும் எனக்கு? நாற்பத்தேழு கதவுகள் மூடியிருந்தன.

கடைசி வரிசையில் ஒரு கதவு மட்டும் திறந்தே இருந்தது. அதிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தார். அறுபதுக்குப் பக்கம் வயது. கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. சரிவில் வேகமாக இறங்கி, களத்துக்கு வந்து, அவ்வளவு பெரிய காலி இடத்தில் ஏதோ ஒரு மூலையில் நிற்காமல் முன் வரிசைக்குப் போய், ஒரு ஆளுக்கு இடம் விட்டு நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். மலையை அண்ணாந்து பார்த்தார், மண் எங்கே சரிந்தது என்று. பிறகு எங்களைப் பார்த்தார்.

ஆரோக்கியம் பொத்தானை விட்டுவிட்டு எங்களைக் கடந்து ஓடினார். சங்கு உடனே ஓயாது, இழுத்துக்கொண்டே இறங்கும். அவர் அந்தப் பெண்ணின் அருகில் போய் ஏதோ சொல்வது தெரிந்தது, கேட்கவில்லை. அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். மேலே கதவுகள் வெகுநேரம் திறக்கவே இல்லை. ஷீலா தாழ்வாரப் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஆரோக்கியம் திரும்பி வந்தபோது நான், “மன்னிக்க வேண்டும்” என்றேன். “பரவால்லங்கய்யா” என்றார். “நாஞ் சொன்னேன், நீங்க கேக்கல. நீங்களாச்சும் மொகத்தக் காட்டிட்டுச் சொன்னீங்க.” குத்திக் காட்டுவதற்காகச் சொன்னதல்ல. அதனால்தான் இன்னும் உள்ளேயே கிடக்கிறது.

அறிக்கை எழுத உட்கார்ந்தோம். குரியன் எழுதியது உண்மை: நீண்ட சங்கு ஒலித்ததும் நாற்பத்தெட்டு வீடுகளில் நாற்பத்தேழில் இருந்தவர்கள் உள்ளே சென்று கதவை மூடிக்கொண்டனர்.

“இதைப் படிக்கிறவன் என்ன நினைப்பான்?” என்று கத்தினேன். “சங்கு கேட்டால் உள்ளே போகத் தெரியும், அன்றைக்கு வேண்டுமென்றே வந்தார்கள் என்றுதானே? குண்டு விழுந்த பிறகு கற்றுக்கொண்டது அது. முன்னாலேயே தெரிந்திருந்ததாக ஆகிவிடும்.”

“நடந்ததை எழுத வேண்டாமா, சுவாமி? நீங்கள்தானே எண்ணினீர்கள்?”

அந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சேகரிடம் விசாரித்தோம். பெயர் ஞானம்மா. கொழுந்து எடுக்கையிலும் பெரட்டிலும் புஷ்பத்துக்குப் பக்கத்து ஆள். மகளின் பிரசவத்துக்காகப் போடிக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை இங்கே இல்லை. போன வாரம்தான் திரும்பினார். மொத்த லயத்தில் அன்றைய சங்கைக் கேட்காதவர் அவர் ஒருவர்தான். சங்கு என்றால் இங்கே எப்போதும் என்ன அர்த்தமோ, அதை அப்படியே வைத்திருந்தவரும் அவர் ஒருவர்தான்.

இதை நான் தனிக் குறிப்பாக எழுதினேன், பையையும் சேர்த்து. குரியன் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தன்னுடைய வரியையும் அவர் எடுக்கவில்லை. “ரெண்டும் இருக்கட்டும்” என்றார் ஷீலா. “ஆனால் ஸார், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வரியோடு நிறுத்திக்கொள்வார். நாற்பத்தேழு ஒரு பக்கம், ஒன்று ஒரு பக்கம்.” புஷ்பத்தின் பெயர் போகுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். இதை எழுதுகிற வரைக்கும் தெரியவில்லை.

வீடு திரும்பும் நாள் காலையில் எஸ்டேட் பிரிவுச் சாலையில் பஸ்ஸுக்கு நின்றேன். ஞானம்மாவும் அங்கே நின்றுகொண்டிருந்தார், பேரனைப் பார்க்கப் போடிக்கு. கையில் ஏலக்காய்ப் பொட்டலம், ஒரு சின்ன ஸ்வெட்டர், அந்தப் பிளாஸ்டிக் பை. என்னை அடையாளம் கண்டு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். நான் மறையூர் வெல்லத்தில் இரண்டு உருண்டை எடுத்துக் கொடுத்தேன். பேரனுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார்.

“முந்தாநாள் உங்களைப் பயமுறுத்திவிட்டேன்” என்றேன்.

“எனக்கென்னய்யா பயம்? மண்ணு சரிஞ்சிருச்சோன்னு வந்தேன். பாத்தா ஒரு ஆளக் காணல. செத்த நேரம் நாந்தான் லேட்டோன்னு நெனச்சேன்.”

“ஆரோக்கியம் ஓடி வந்து உங்களிடம் என்ன சொன்னார்?”

“என்னத்தச் சொன்னான்... யக்கா, ஒண்ணுமில்லக்கா, வீட்டுக்குள்ள போயி இருங்கன்னான்.”

“நீங்கள்?”

“போயிட்டேன்.” அவர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். “வாயால சொன்னா போவமாட்டமாய்யா?”

போடி பஸ் முதலில் வந்தது. ஏறுவதற்கு முன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.